முதலில் கண்டவர்

மாலை ஜெபத்தின் நடுவே அலமாரிக்குள் குருவி கத்தியது. ரத்னபாய் அப்போது நோயாளிகளுக்காக மன்றாடிக்கொண்டிருந்தாள். சபையில் படுக்கையில் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கர்த்தரிடம் கொண்டுபோய் நிறுத்துவது அவள் வழக்கம். முழங்கால் முட்டு அறுவை செய்துகொண்ட புஷ்பபாய் வரை வந்திருந்தாள். குருவி இரண்டு தடவை கத்திவிட்டு நின்றது. ரத்னபாயின் வாயும் நின்றது. எதிரே முட்டுக்குத்தியிருந்த மருமகள் ஜிஜா கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தொடங்கியபோது எந்த நோயாளியில் விட்டோம் என்பது கிழவிக்கு மறந்துவிட்டது. மிச்சமிருந்தவர்களை மொத்தமாகத் தேவனிடம் ஒப்படைத்துவிட்டு ஆமென் சொன்னாள்.

அது விபினின் போன். விபின் போன மழைக்காலத்தில் எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் வந்து இறந்துபோனான். ஆள் போன பிறகும் ஜிஜா அந்த போனுக்குச் சார்ஜ் போட்டு அலமாரியில் அவன் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். எப்போதாவது அது குருவிபோலக் கத்தும். கத்தினால் மாமியாரும் மருமகளும் கையில் இருந்த வேலையை ஒரு நொடி விட்டுவிட்டுப் பிறகு தொடர்வார்கள். யார், என்ன என்று ரத்னபாய் இதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"ஆராக்கும் அது?"

"பெட்டி தேடுறவங்க மாமி."

பெட்டி விவகாரம் குளத்தூரில் பாதிப் பேருக்குத் தெரியும், பாதிப் பேருக்குப் புரியாது. விபின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது ஹாலந்துக்கார சூப்பர்வைசர் ஒருவர் அவனுக்குப் பிடிப்பித்துவிட்ட பைத்தியம் அது. தண்ணீர் புகாத சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை ஆப்பில் போட வேண்டும். எங்கிருந்தோ ஒருவன் தேடிக்கொண்டு வருவான், கண்டெடுப்பான், உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே ஒளித்துவைத்துவிட்டுப் போவான். இவ்வளவுதான் விளையாட்டு. பரிசும் இல்லை, பேரும் இல்லை. இதற்கா ஒருவன் வெயிலில் அலைவான் என்று கேட்டால் விபின் சிரிப்பான். கரையில் வைத்தால் ஆடு மேய்க்கிறவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று, தண்ணீர் வழி மட்டுமே போய்ச் சேரக்கூடிய இடங்களாகப் பார்த்து வைத்தான். அதற்கென்றே பூவாரில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆரஞ்சு நிறக் கயாக் ஒன்று வாங்கினான். இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்காரும் பிளாஸ்டிக் படகு. நெய்யாற்றில் மூன்று பெட்டி வைத்தான். மூன்றாவதை வைத்த அன்று காலில் சிப்பி கிழித்தது. அந்தக் கீறல் வழியாகத்தான் எலிப்பனி ஏறியிருக்க வேண்டும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

முதல் இரண்டு பெட்டிகளையும் வெளியூர் ஆட்கள் தேடி வந்தார்கள், ஆப்பில் நன்றி எழுதினார்கள். அந்த நன்றிக்கெல்லாம் ஜிஜா பதில் போட்டாள். விபினாகவே போட்டாள். அவனுடைய தப்பும் தவறுமான ஆங்கிலம் அவளுக்கு அத்துப்படி. பாறசாலையில் பிளக்ஸ் அடிக்கும் கடையில் கம்ப்யூட்டரில் வேலை செய்பவள் அவள். கல்யாணமோ சாவோ, ஊரில் எல்லோருடைய முகமும் அவள் கையால் பெரிதாகித்தான் கம்பத்தில் ஏறும். விபினுடைய மரண பிளக்ஸையும் அவளே செய்தாள். கோட்டு போட்ட கல்யாணப் படத்தைப் போடச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கயாக்கில் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு துடுப்பைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படத்தைப் போட்டு, சந்திப்பில் பஸ் நிற்கிற இடத்திலேயே கட்டச் சொன்னாள். அப்படி ஊருக்கெல்லாம் அறிவித்தவள், இந்த ஒரு ஆப்பில் மட்டும் அறிவிக்கவில்லை. உலகத்தில் அந்த ஒரு இடத்துக்குத்தான் விபின் செத்த சேதி போய்ச் சேரவில்லை. அவள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

இப்போது அதற்கும் கேடு வந்திருந்தது. மூன்றாவது பெட்டியை யாருமே இதுவரை கண்டெடுக்கவில்லை. தேடிப் போனவர்கள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். வைத்தவர் போய்ப் பார்த்து உறுதி சொல்லாவிட்டால் பெட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஆப்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கத்திய குருவி பெங்களூர்ப் பெண் ஒருத்தியுடையது. அடுத்த ஞாயிறு வருகிறாளாம், முதலில் கண்டெடுப்பது தானாக இருக்க ஆசையாம், பெட்டி அங்கே இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். ஜிஜா யோசிக்காமல், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் நண்பரே என்று விபினாக எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் தனக்குத் துடுப்பு பிடிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

ரத்னபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று ஜிஜா நினைத்தாள். அந்தப் படகைக் கண்ணிலேயே காணக்கூடாது, விற்றுத் தொலை என்று இளைய மகன் ஜித்தினிடம் பலமுறை சொன்னவள் அவள்.

"நானும் வாறேன்" என்றாள் ரத்னபாய். "உனக்குத் தொழையத் தெரியாது. நான் காஞ்சிரங்குளத்துக்காரியாக்கும். தேங்காத் தொண்டு கொண்டுபோற வள்ளத்தத் தொழைஞ்சவ."

"அது மாதிரி இல்ல மாமி இது."

"வெள்ளம் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து கஞ்சிக்குப் போனாள்.

பெங்களூர்ப் பெண் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினார்கள். முன் இருக்கையில் கோழி ஒன்று முட்டையிட்டு வைத்திருந்தது. ரத்னபாய் முட்டைகளை முந்தியில் வாங்கிக்கொண்டு கோழியைத் துரத்தினாள். இரண்டு பேரும் படகை இழுத்துக்கொண்டு ஆற்றில் இறக்கியதைப் பார்த்துத் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. முன்னால் ரத்னபாய், சேலையை முட்டுக்கு மேல் செருகிக்கொண்டு. பின்னால் விபினின் இருக்கையில் ஜிஜா, அவனுடைய ஆரஞ்சு ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு. கால் வைக்கும் பலகையை அவன் தன் நீளத்துக்கு நகர்த்தி வைத்திருந்தான். அவள் கால் அதற்கு எட்டவில்லை. எட்டாத அந்த இடைவெளியைப் பார்த்தபோதுதான், படகில் ஏறியதிலிருந்து வராத அழுகை வந்தது. மாமியார் முன்னால் இருந்ததால் முகத்தைத் துடைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இறக்கத்தில் போகணும், ஏற்றத்தில் திரும்பணும், மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும் என்பான் விபின். பூவாரில் ஆறு கடலில் சேருகிற பொழி மணல் மூடாமல் திறந்திருந்தால் கடல் ஆற்றை இழுக்கவும் தள்ளவும் செய்யும். அன்றைக்கு இறக்கம். படகு சும்மாவே கடலைப் பார்த்துப் போனது. ரத்னபாய் பத்து இழுப்பில் துடுப்பைப் பழகிக்கொண்டாள். தென்னையின் நிழல் தண்ணீரில் பாதிவரை நீண்டு கிடந்தது. எங்கோ வாழைத்தோட்டத்தில் ரேடியோ மலையாளத்தில் செய்தி வாசித்தது. ஜிஜாவுக்கு மட்டும் ஒரு விசித்திரம் தோன்றிக்கொண்டே இருந்தது. அவள் எந்தப் பக்கம் துடுப்பைப் போட்டாலும் படகு அதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பிவிடுவதுபோல இருந்தது. வழி தெரிந்த மாடு மாதிரி. அவள் போனைப் பார்க்கவே தேவைப்படவில்லை.

இடம் எளிதில் கிடைத்தது. செங்குத்தான மண்கரை, அதில் ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கும் ஒரு புன்னை. வேர்கள் தண்ணீருக்கு மேல் கூடுபோலப் பின்னிக் கிடந்தன. பக்கத்திலேயே தாழம்புதர். ஜிஜா வேரைப் பிடித்துப் படகை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தாள்.

பெட்டி இல்லை. அது இருந்திருக்க வேண்டிய பொந்தில் கரியும் சாம்பலும் இருந்தன. வேரில் ஒரு இரும்பாணி அறைந்து, அதில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காய்ந்து கறுத்துப்போன எலுமிச்சம்பழம் ஒன்று, நாலாகக் கீறியது.

ரத்னபாய் துடுப்பை எடுத்து மடியில் வைத்தாள். "யேசுவே" என்றாள் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தி, "தொடாத மக்களே. இது மத்ததாக்கும்" என்றாள்.

அப்போது தாழம்புதருக்கு அப்பால் ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. படகு மெல்ல நழுவிப் புதரைத் தாண்டியது. அங்கே ஒரு வீட்டுக் கடவு இருந்தது, ஆற்றுக்குள் இறங்கும் கல்படிகள். விபின் அதைக் கவனித்திருக்க மாட்டான், புதர் மறைத்திருக்கும். கடைசிப் படியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் நின்றிருந்தார். கையிலிருந்து நழுவிய நீலப் பிளாஸ்டிக் குடம் இறக்கத்தோடு போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஆரஞ்சுப் படகை, ஆரஞ்சு ஜாக்கெட்டை, தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜிஜா தொப்பியைக் கழற்றினாள். அவள் முடி தோளில் விழுந்ததைக் கண்டதும்தான் அவருக்கு மூச்சு திரும்பியது.

"அந்த ஆளுக்க ஆராக்கும் நீங்க?" என்றார்.

"எனக்க மாப்பிள. இது அவருக்க அம்ம."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.  பிறகு பேசத் தொடங்கினார். பெயர் மோகனன். அந்த வீட்டுக்காரர். போன மழைக்கு முன் ஒரு ஞாயிறு இந்தப் படியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது ஆரஞ்சு வள்ளத்தில் ஒருவன் வந்ததைப் புதர் வழியாகக் கண்டார். வந்தவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஒரு பொதியை வேருக்குள் வைத்தான். பிறகு போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"மந்திரம் மாதிரி" என்றார் மோகனன். "திரும்பத் திரும்ப."

அட்சரேகை. ஜிஜாவுக்கு அந்த முணுமுணுப்பு தெரியும். எண்களைச் சரிபார்க்கும்போது அவன் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பான், வீட்டிலும் அப்படித்தான்.

அந்த வாரமே மோகனனின் சினைப்பசு செத்துப்போனது. அடுத்து, அவர் மனைவி பிரேமகுமாரி இதே படியில் வழுக்கி விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அவருக்கு அந்தப் பொதி நினைவுக்கு வந்தது. நீந்திப்போய் எடுத்தார். திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பென்சில், ஒன்றும் எழுதாத தாள், கண்ணாடிக் கோலி, அப்புறம் இறக்கை வைத்த ஒரு சின்னப் பொம்மை.

"ஒரு சிறகு ஒடிஞ்ச பொம்ம" என்றார். "எடது சிறகு."

 அது ஜிஜா கொடுத்தது. முதலில் கண்டெடுப்பவருக்குப் பெட்டியில் வைக்க ஏதாவது தா என்று விபின் கேட்டபோது, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் தேவதூதர்களில் உடைந்துபோன ஒன்றை எடுத்து நீட்டினாள். நல்லதைக் கொடுக்க மனசு வரவில்லை. கஞ்சத்தனம், வேறொன்றுமில்லை. உடைந்ததையா வைப்பார்கள் என்று அவன் கேட்டதும், இதைத் தேடி ஆற்றில் வருகிற பைத்தியத்துக்கு இது போதும் என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

கூடோத்திரம், யாரோ வைத்த செய்வினை என்று மோகனன் முடிவு செய்தார். இந்தப் பக்கத்தில் வேறு எதுவாகவும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். ஒற்றசேகரமங்கலத்துக்கும் அப்பாலிருந்து விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பொம்மையைப் பார்த்ததும் இது பெண்ணுக்கு வைத்தது என்றாராம். அழித்தால் போதாது, வைத்தவனுக்கே திருப்பி அனுப்பினால்தான் விடும் என்றாராம். ஆணி அடித்து, நூல் சுற்றி, பழம் கீறித் திருப்பி அனுப்பியாயிற்று. கொஞ்சநாள் கழிந்து மோகனன் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது தலையை நிமிர்த்திப் பார்த்தார். மேலே பிளக்ஸில் அந்த ஆள் துடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குப் பொறவு நான் அந்தச் சந்திப்புக்குப் போகல" என்றார். "எனக்கு அவன்கிட்ட ஒரு வெறுப்பும் இல்ல. ஆருன்னே தெரியாது. எதுக்காக்கும் அவன் எங்களுக்கு வச்சான்? அத மட்டும் சொல்லுங்க மோளே. நாங்க அவனுக்கு என்ன செய்தோம்?"

ஜிஜா அவரைப் பார்த்தாள். அவர் கேட்பது என்ன என்று அவளுக்கு நன்றாகப் புரிந்தது. விபின் கெடுதல் செய்ய வந்தவன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனிதர் இனி நிம்மதியாகத் தூங்குவார். அதைச் சொன்னால் விபின் இரண்டாம் தடவை சாவான். உண்மையைச் சொன்னாலோ, ஒன்றும் அறியாத ஒருவனைக் கொன்றோம் என்ற எண்ணத்தோடு இவர் சாகிறவரை இந்தப் படியில் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்காரட்டுமே என்றும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவில்லை.

"அது ஒரு களியாக்கும், வெளையாட்டு" என்றாள். பெட்டி, ஆப், தேடி வருகிறவர்கள், தாளில் பெயர் எழுதுவது எல்லாவற்றையும் சொன்னாள். பொம்மை தான் கொடுத்தது என்பதையும் சொன்னாள்.

மோகனன் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "களி" என்றார். பிறகு இன்னொரு தடவை, "வெறும் களி."

அவர் முகத்தை ஜிஜாவால் பார்க்க முடியவில்லை. தண்ணீர் அசையாமல் நின்றிருந்தது. இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்காத நேரம் அது.

"தம்பி" என்று கூப்பிட்டாள் ரத்னபாய்.  "நீங்க அது செய்தது எப்பளாக்கும்?"

"உங்க சபையில கன்வென்ஷன் தொடங்கின வெள்ளியாழ்ச்ச, மத்தியானம் அக்கா. சாயங்காலம் மைக்குல பாட்டு இஞ்ச வரைக்கும் கேட்டுது."

"அப்போ நீங்க மனசப் போட்டு அலட்டாண்டாம்" என்றாள் ரத்னபாய். குரலில் ஒரு அசைவும் இல்லை. "அவனுக்கு அதுக்கு முன்னயே காச்சல் உண்டு. கன்வென்ஷனுக்கே வரல்ல. வெள்ளியாழ்ச்ச கட்டில்ல போர்த்திக்கிட்டுக் கெடந்தான். நானாக்கும் கஞ்சி கொடுத்தது. உங்களுக்க ஆளு எதையும் திருப்பி அயக்கல்ல. ஆத்துல உள்ள எலிக்க மூத்திரம், வேற ஒண்ணும் இல்ல."

மோகனன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சத்தியமா?"

"நான் வேதம் வாசிக்கிறவ" என்றாள் ரத்னபாய்.

ஜிஜா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தின் முகப்பில் ஏணி வைத்து ஏறிச் சீரியல் பல்புகளைக் கட்டியவன் விபின்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். மேலேயிருந்து அவன் ஒரு பல்பைக் கழற்றி அவள் தலையில் போட்டுச் சிரித்தான். ராத்திரி மீன்குழம்போடு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். விடியும்போது உடம்பு தீயாகக் கொதித்தது. கிருமி உடம்பில் ஏறி நாட்கள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்று டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், மத்தியானம் என்ற அந்த ஒரு சொல் அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

படியின் மேலே பிரேமகுமாரி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. நேராக நீளாத இடது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மறு கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தாள். "எரிக்கச் சொன்னாரு. எனக்கு மனசு வரல்ல" என்றாள். "காலித் தொழுவத்துல வச்சிருந்தேன்."

பெட்டி அப்படியே இருந்தது. ஜிஜா திறந்து பார்த்தாள். பென்சில், கோலி, தாள், பொம்மை. அவள் வந்த காரியம் முடிந்துவிட்டது. பெட்டி இருக்கிறது என்று இனி விபின் பெங்களூர்ப் பெண்ணுக்கு எழுதலாம். ஆனால் முதலில் கண்டெடுப்பது இனி அந்தப் பெண்ணாக முடியாது. அது நடந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

பெட்டியை மோகனனின் மடியில் வைத்தாள். தாளை விரித்துப் பென்சிலை நீட்டினாள்.

"முதல்ல கண்டது நீங்களாக்கும் அண்ணா. பேரு எழுதணும். அதுதான் வழக்கம். பொம்ம அக்காக்குள்ளது."

மோகனன் பென்சிலை வாங்கினார். தாளைப் பார்த்தார். மந்திரவாதியைக் கூட்டிவந்த மனிதர் ஒரு பெட்டிக்குள் போகிற தாளில் தன் பெயரைத் தானே எழுதுவது தன்மேல் தானே வினை வைத்துக்கொள்வது மாதிரி என்று அங்கே இருந்த நால்வருக்கும் தெரியும். பென்சில் முனையைத் தாளில் வைத்தார், எடுத்தார்.

"இப்பவே வேண்டாம்" என்றாள் ஜிஜா. "எழுதத் தோணினா எழுதி, அந்த வேருக்குள்ள வச்சிருங்க. அடுத்த ஞாயித்துக்கிழம ஒரு பொண்ணு வருவா. தோணலேன்னா ஆத்துல விட்டிருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஏற்றம் தொடங்கியிருந்தது. படகின் மூக்கு தானாகவே ஊர்ப்பக்கம் திரும்பியது. கடவைத் தாண்டி, புதரைத் தாண்டி, புன்னையையும் தாண்டினார்கள். ரத்னபாயின் முதுகு மட்டும் ஜிஜாவின் முன்னால் இருந்தது. சேலை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்க ஜிஜாவுக்கு வாய் வந்தது. கிழவி முந்திக்கொண்டாள்.

"மக்களே" என்றாள், திரும்பாமலே. "கன்வென்ஷனுக்க அன்னைக்கு ஏணியில ஏறிப் பல்பு கட்டினது விபினா, ஜித்தினா?"

குரலில் இப்போது அந்த அசையாத தன்மை இல்லை. ஜிஜா சற்றுநேரம் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜித்தினாக்கும் மாமி."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றாள் ரத்னபாய்.

ஜிஜா துடுப்பை மடியில் வைத்துவிட்டாள். முன்னாலும் துடுப்பு அசையவில்லை. படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், புதருக்கு வெளியே தெரிந்த கடைசிப் படியில் மோகனன் மடியின்மேல் குனிந்திருந்தார். எழுதுகிறாரா, சும்மா குனிந்திருக்கிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை. ஆற்றின் நடுவில், இறக்கத்தோடு கடலுக்குப் போன அந்த நீலக் குடம் ஏற்றத்தில் திரும்பி, கடவில் நிற்காமல், படகின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.